பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பூஜ்யம்

1

இந்தக் கதை, பக்கத்து நாற்காலிக்காரன் என் காதில் கிசுகிசுத்த ஒரே வாக்கியத்திலிருந்து பிறந்தது. இப்போதே சொல்லிவிட்டால் கதை போய்விடும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, கை பரபரக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதல் தொடக்கம்: மார்ச் மாதப் பனி வெர்மான்ட் மலைகளின் மேல்...

வேண்டாம். பனி எங்கே போய்விடப் போகிறது?

இரண்டாவது தொடக்கம்: ஒடெட் பெலிவோ என்பவள் பாலத்தைத் தாண்டிப் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் போய், பனி தள்ளும் இயந்திரம் ஒன்று வாங்கி வந்தாள். அங்கே விற்பனை வரி கிடையாது.

இதுதான். இதையே வைத்துக்கொள்வோம்.

2

[கொஞ்சம் சட்டம். தாண்டிப் போனால் கதை புரியாது.] வெளிமாநிலத்திலோ இணையத்திலோ வரி இல்லாமல் வாங்கினால், அந்த வரியை நாமே கணக்குப் போட்டு எங்கள் வெர்மான்ட் மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். வருமான வரிப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. ஊரே அதில் பூஜ்யம் போடும்.

3

ஒடெட்டின் மேல் எனக்கே சந்தேகம். இப்படி ஒருத்தியை யார் நம்புவார்கள்? அவளைக் கஞ்சப்பிசினாரியாக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். உயிரே இல்லை, கிழித்துப் போட்டேன். அவள் கணவன் ஆல்டனிடம் பேசியதை அப்படியே தருகிறேன்.

"ஆல்டன், அந்த மெஷினுக்கு வரியப் போட்டுரு."

"யாரு போடுறா? நம்ம ஊரு வெர்ன் அங்கேர்ந்து டிராக்டரே வாங்கிட்டு வந்தான், வரி போட்டானா?"

"அவன் போடலேன்னா? நான் எலக்‌ஷன்ல நிக்கிறேன்யா!"

"சரி தாயி, போட்டுர்றேன்."

அவள் நின்றது எந்தப் பதவிக்குத் தெரியுமா? ஊரில் வரிபாக்கி வசூலிக்கும் பதவிக்கு!

(அடிக்குறிப்பு: கணவனும் மனைவியும் ஒரே படிவம் அனுப்பலாம். ஒடெட் கையெழுத்துப் போட்டாள், படிக்கவில்லை. நம்புகிறவர்கள் அப்படித்தான்.)

4

ஊர்க்கூட்டம். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம், பின்மேசையில் பீன்ஸும் ஆப்பிள் பை என்கிற இனிப்பும். யாரும் எழுந்து எதையும் கேட்கலாம், வாக்கும் அங்கேயே. வெர்ன் எழுந்தான்.

"ஏம்மா ஒடெட், பாலத்து வழியா மெஷின ஏத்திட்டு வந்தியே, அதுக்கு வரி கட்டுனியா? நீயா வந்து எங்ககிட்ட பாக்கி கேக்கப்போற?"

கூடமே சிரித்தது.

"கட்டிட்டேன் வெர்ன். நீ உன் டிராக்டருக்கு?"

சிரிப்பு அப்படியே வெர்ன் பக்கம் திரும்பியது. எனக்குப் புல்லரித்துவிட்டது, கைதட்டப் போனேன். அப்போதுதான் பக்கத்திலிருந்த ஆல்டன் என் காதில் சொன்னான்:

"அய்யய்யோ, நான் பூஜ்யம் போட்டு அனுப்பிட்டேன்பா."

5

முடிவு அ: ஆல்டன் வாயை மூடிக்கொள்கிறான். ஒடெட் ஜெயிக்கிறாள். தனக்கே தெரியாத ஒரு பொய்யோடு வீடு வீடாகப் போய்ப் பாக்கி கேட்கிறாள். எழுதும்போதே எனக்குக் கோபம் வந்தது.

முடிவு ஆ: ஆல்டன் உண்மையைச் சொல்கிறான். அவள் தோற்று, காரில் அவன் பக்கம் திரும்பாமலே...

[முடிக்க மனம் வரவில்லை.]

முடிவு இ: "திருத்தின படிவம் ஒண்ணு அனுப்பிரலாம்" என்று நான் அவனைத் தேற்றுகிறேன். சட்டப்படி சரிதான். ஆனால் அவள் "கட்டிட்டேன்" என்று சொல்லியாகிவிட்டது, வாக்கெடுப்போ இப்போது.

நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆல்டன் எழுந்துவிட்டான். ஒடெட் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் பெருமை.

"இதோ, படிவத்த நிரப்புனவரே நிக்கிறாரு. அவரையே கேளுங்க!"

"சொல்லுங்க ஆல்டன்" என்கிறார் கூட்டத் தலைவர்.

அவன் கோட்டு நுனி என் கையில் இருக்கிறது. இழுத்து உட்கார வைப்பதா, விடுவதா? நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம், அவன் வாயைத் திறந்துவிட்டான்.