நிறம் ஏற்றாத படம்

ஹாலின் ஜன்னல்களை எல்லாம் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு நான் புர்காவை மாட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் அடுப்படியிலிருந்து வந்தார். வெளியே பங்குனி வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இந்த வெயில்ல எங்கனத்தா கெளம்பிட்டே?" என்றார்.

"எங்கயும் போகல மாமி. மீனைப் போட்டோ எடுக்கப் போறேன்."

மாமி என்னையும் மீன்தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மீனுக்கு முன்னால் எதற்குப் பர்தா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். இந்த வீட்டில் என் மீன்களைப் பற்றி யார் என்ன கேட்டாலும் என்னிடம் பதில் உண்டு.

தொட்டியில் இருந்தது ஒரே ஒரு ஆண் ஃபைட்டர் மீன். இன்னொரு ஆணைச் சேர்த்து விட்டால் இரண்டும் கிழித்துக்கொண்டு சாகும் என்பதால் அதற்குத் தனிக்குடித்தனம். விரல் நீளம்தான் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு, பக்கத்தில் போனால் ஊதா, நம் பன்னீர் திராட்சையின் நிறம். வால் ஓரத்தில் மட்டும் நூல் பிடித்துத் தைத்தது போல ஒரு வெள்ளை. இந்த நிறத்தை நான் கடையில் வாங்கவில்லை. தேனியில் வாங்கிய கருநீல ஆணையும் வெள்ளை ஓரம் வைத்த பெண்ணையும் சேர்த்து, குஞ்சுகளில் நல்லதைப் பொறுக்கி, அவற்றை மறுபடி சேர்த்து, மூன்றாம் தலைமுறையில் எடுத்தேன். அதற்காக வீட்டின் ஊறுகாய் பாட்டில்கள் எல்லாம் மீன் பாட்டில்கள் ஆயின. மொட்டைமாடியில் டிரம் வைத்து மீன் தீனிக்குக் கொசுப்புழு வளர்த்தேன். தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மாமி என்னைத்தான் ஒரு பார்வை பார்ப்பார். நான் அசையவில்லை. பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பக்குவம் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

மதுரையில் மீன் வளர்ப்பவர்களின் கண்காட்சி ஒன்று நடக்கிறது. முதலில் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ அனுப்ப வேண்டும். அதில் தேறுகிற மீன்களை மட்டும்தான் நேரில் வரச் சொல்வார்கள். ஃபைட்டர் வாலுக்குச் சில மாதங்கள்தான் வாழ்வு. அப்புறம் நுனி கிழியும், நிறம் மங்கும். என் மீன் இப்போதுதான் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது. இந்தக் கண்காட்சியை விட்டால் அதற்கு அடுத்தது கிடையாது.

இதில்தான் என் வீட்டுக்காரர் கமால் புகுந்தார். அவர் திராட்சை வியாபாரி. சுருளிப்பட்டித் தோட்டங்களில் காலையில் வெட்டும் பழத்தைப் போட்டோ எடுத்துக் கோட்டயத்து ஆட்களுக்கு அனுப்புவார். குலை மேல் தண்ணீர் தெளிப்பார், ஃபிளாஷ் போடுவார், பிறகு போனில் நிறத்தை ஓர் இழுப்பு இழுப்பார். செங்காய்கூட அதில் கருகருவென்று ஆகிவிடும். வாங்குகிறவருக்கும் இது தெரியும். அவர் மனதுக்குள் பாதி நிறத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றியதாக நினைப்பதில்லை. அது அந்த வியாபாரத்தின் முறை.

அதே கைவரிசையை அவர் என் மீனிடமும் காட்டி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குழுவுக்கு அனுப்பியும் விட்டார். படத்தில் என் மீன் உள்ளே பல்பு எரியும் கத்தரிக்காய் போல இருந்தது. அதன் வயிற்றின் மேல், கண்ணாடியில், பனியனோடு அவரே நின்றுகொண்டிருந்தார். பனியனைப் பார்த்துச் சிலர் சிரித்திருந்தார்கள். அதற்கு நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் ஒருவர், இப்படி ஒரு நிறத்தில் மீனே கிடையாது என்று எழுதியிருந்தார். குழுவை நடத்தும் தங்கப்பாண்டியன், நிறம் ஏற்றிய படம் செல்லாது, வெள்ளிக்கிழமைக்குள் வேறு அனுப்புங்கள் என்று முடித்துக்கொண்டார்.

"திராட்சைக்கு ஏத்துனா யாரும் ஒண்ணும் சொல்றதில்லயே" என்றார் என் வீட்டுக்காரர். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"திராட்சை அடுத்த வெட்டுக்கு மறுபடி வரும். இதுக்கு மறு வெட்டு கெடையாது மச்சான். இல்லாத மீனுன்னு சொல்லிட்டாக. இனி நான் எடுக்குறேன், நீங்க தொடாதீக."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். எடுக்கப் போனபோதுதான் கஷ்டம் தெரிந்தது. கண்ணாடியின் உப்புக்கறையை வினிகர் போட்டுத் துடைத்தேன். தொட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டினேன். ஃபிளாஷை அணைத்தேன், நிறத்தைத் தொடுவதே இல்லை என்று வைத்துக்கொண்டேன். மீன் ஒரு நிமிஷம் நிற்காது. நின்றால் முதுகைக் காட்டும். போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் பிம்பம் விழவில்லை, ஆனால் மீன் பக்கத்தில் வந்ததும் மங்கிப்போனது. தள்ளி நின்று எடுத்தால் மீன் துலங்கியது, அதன் வால் மேல் என் மஞ்சள் நைட்டி பூப்பூவாக விழுந்தது. நைட்டியைப் பார்த்தபோதுதான் மூளை வேலை செய்தது. கறுப்பு உடுத்தினால் கண்ணாடியில் நான் இருக்க மாட்டேன். அலமாரியில் நல்ல கறுப்பாகத் தொங்குவது வேறு என்ன இருக்கிறது?

வெளிச்சம் தொட்டிக்கு மேலிருந்து மட்டும் வர வேண்டும். எமர்ஜென்சி விளக்கைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. மாமியைக் கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வந்ததும் அவர் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டி கொடியில் காயப்போட்ட துணி மாதிரி கண்ணாடி முழுக்க விழுந்தது. என் இன்னொரு புர்காவை எடுத்துக் கொடுத்தேன். "எல்லாம் எந்தலையெழுத்து" என்று மாட்டிக்கொண்டார். பிறகு மீனிடம் கைக்கண்ணாடியைக் காட்டினேன். தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்து மீன் சிலிர்த்தது. அதிக நேரம் காட்டினால் களைத்துவிடும் என்று உடனே எடுத்துவிட்டேன். மாமி குனிந்து தொட்டியையே பார்த்தார். இத்தனை நாள் அதைத் தாண்டிப் போனவர்தான். "ஏத்தா, இதுவா அந்தக் கறுப்பு மீனு?" என்று மெல்லக் கேட்டார்.

இரண்டாவது தடவை கண்ணாடியைக் காட்டப் போகும் நேரத்தில் வாசல் கதவு திறந்தது. சாப்பிட வந்த என் வீட்டுக்காரர், பட்டப்பகலில் இருட்டாக்கிய வீட்டில் இரண்டு கறுப்பு உருவங்களைப் பார்த்து, சாவு விழுந்துவிட்டதென்று நினைத்து வெளிறிப்போனார்.

"யாரு மவுத்து?"

"வாயக் கழுவு" என்றார் மாமி. "கதவச் சாத்திட்டு ஓரமா நில்லு. வெளிச்சம் விழுகுதுல்ல."

அவர் கதவைச் சாத்திவிட்டு ஓரமாக நின்றார். மாமி விளக்கைத் தூக்கினார், நான் கைக்கண்ணாடியைக் காட்டி விலக்கினேன். மீன் முன்னால் வந்து, பக்கவாட்டில் திரும்பி, வாலை விரித்தது. நான் அமுக்கினேன்.

வந்துவிட்டது. கறுப்பு, அதற்குள் ஊதா, ஓரத்தில் அந்த வெள்ளை நூல், ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக. கண்ணாடியில் யாருமில்லை. எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பழக்கதோஷத்தில் விரல் நிறம் ஏற்றுகிற இடத்துக்குப் போனது. பிறகு தானாகவே திரும்பி வந்தது. "இதுல ஏத்த ஒண்ணுமில்ல" என்றார். இருபது வருஷம் திராட்சை பார்த்த மனிதரின் வாயிலிருந்து அது வந்தது.

படம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் தங்கப்பாண்டியன் போனில் அழைத்தார். என் வீட்டுக்காரர் போனை என்னிடம் நீட்டினார்.

"படத்துல எதுவும் கை வைக்கலயேம்மா?"

"வைக்கல. நேர்ல இதவிட நல்லாருக்கும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரச் சொன்னார். மீனே கிடையாது என்று எழுதியவர் மட்டும், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று குழுவில் போட்டார். பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மதுரை பஸ் ஏறினோம். பாலிதீன் பையில் பாதி தண்ணீர், பாதி காற்று, நடுவில் மீன். வெளிச்சம் பட்டு மிரளாமல் இருக்கச் சுற்றிலும் பேப்பர். தேனி வரை மடியில் அசையாமல் வைத்திருந்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது எப்படி இருக்கிறதென்று பார்க்கப் பேப்பரை விலக்கினேன். காலை வெயில் ஜன்னல் வழியாக நேரே பைக்குள் இறங்கியது. போட்டோவில்கூட வராத ஓர் ஊதா பற்றி எரிந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, இது நெசக் கலரா, மருந்து கலந்ததா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"நெசந்தான்ணே" என்றார் அவர். "எங்க வீட்டம்மா உண்டாக்குனது. மூணு தலைமுறை."

அவர் குரல் டிரைவர் வரைக்கும் கேட்டிருக்கும். பேப்பரை மூடியிருக்க வேண்டும், பிரயாணத்தில் மீனைச் சீண்டக் கூடாது. எனக்குத் தெரியும். ஆனாலும் பையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். பின்சீட்டில் யாரோ எழுந்து நின்றார்கள். மீன் செவுளைப் புடைத்து, வாலை ஓரம் வரை விரித்து, அந்த பஸ் மொத்தத்தையும் சண்டைக்குக் கூப்பிட்டது.