கற்களுக்கு அந்தப் பக்கம்

வில்பர் ஜீப்பை நிறுத்தியபோது எலோதியா பேச்சின் நடுவில் இருந்தாள். நேற்று கடந்து வந்த உப்புவெளி ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது என்று பின்னால் திரும்பி ஐந்து பயணிகளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள், அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் முன்னால் திரும்பினாள். பாதைக்குக் குறுக்கே கற்கள். அவற்றின் பின்னால் கம்பளி போர்த்திய பெண்கள், கன்னத்தில் கோக்கா இலையை அதக்கியபடி, அவசரமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பொலிவியாவில் வழிகாட்டி வேலைக்கு வந்தவர்களுக்கு மறியல் என்பது மழை மாதிரி. அதற்கு அவள் கலங்கவில்லை. ஆனால் இது அவள் வாழ்க்கைப்பட்டு வந்து, பிறகு விட்டுப்போன ஊர்.

"ஓரமா எறக்கிச் சுத்திப் போயிடலாம்கா," என்றான் வில்பர்.

"அப்படிப் போறாங்கன்னுதானே கல்லே போட்டிருக்காங்க."

பூநாரைகளைக் கிட்டத்தில் படம் எடுக்க ஜீப்புகள் லாமாக்கள் மேயும் ஈரப்புல்லில் இறங்கி, ஊற்றுக்கண்களைச் சேறாக்கிக்கொண்டிருந்தன. ஊர் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டது. எலோதியாவுக்கோ சாயங்காலத்துக்குள் சிலி எல்லையைத் தாண்டியாக வேண்டும். அங்கிருந்து பாலைவனம், கடல், தெற்கே பனிப்பாறைகள் என்று அவளே முதல்முறையாக முழுக்க நடத்தும் நீண்ட பயணம் இது. இங்கே அறுந்தால் அடுத்தது கிடைக்காது. பிரேசில்காரர் இப்போதே கம்பெனிக்குப் போன் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சிக்னல் இல்லை என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை. எலோதியா தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கி நடந்தாள்.

சூப்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவள் சத்துர்நீனா. எலோதியாவுக்கு மாமியாராக இருந்தவள்.

"என்னடி, எங்களையும் காட்டறதுக்குக் கூட்டிட்டு வந்தியா? கல்லு மேல குந்தியிருக்கற கெழவி பாருங்கன்னு?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். எலோதியாவும் சிரித்தாள்.

"காட்டினா சூப்பும் கேப்பாங்க அத்தை. சட்டி பத்தாது."

அத்தை என்ற சொல் தானாக வந்துவிட்டது. கிழவி அதைத் திருத்தவில்லை. கல்லை எடுக்கச் சொல்லி வரவில்லை, வண்டி இங்கேயே நிற்கட்டும், ஆட்கள் மட்டும் நடந்து கடக்கலாமா என்று எலோதியா கேட்டாள். சத்துர்நீனா ஜீப்பின் சக்கரங்களைப் பார்த்தாள். காய்ந்த புழுதிதான் இருந்தது, சேறு இல்லை.

"நடக்கறவங்கள நாங்க என்னிக்கு மறிச்சோம்? ஊருக்கு அந்தப் பக்கமும் கல்லு போட்டிருக்கோம், அங்க ஒரு வண்டி காலைலேர்ந்து நிக்குது. சிலியிலேர்ந்து ஆளுங்கள ஏத்திட்டு வந்தது. ஓட்டறவன் யாருன்னு நான் வேற சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. கிழவியின் மகன் நிக்கனோர், எலோதியா விட்டுப்போன கணவன். அவன் அவளை அடித்ததில்லை, கத்தியதுகூட இல்லை. ஊர்பேர் தெரியாதவர்களுக்குக் கதை சொல்லித் திரிவதும் ஒரு பிழைப்பா என்று சாப்பாட்டுக்கு நடுவே நிதானமாகக் கேட்டான், பல நாள் கேட்டான். ஒருநாள் அவள் துணிகளை மூட்டை கட்டினாள். அதற்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசியதில்லை.

ஊரின் ஒரே தெருவில், தான் குடியிருந்த வீட்டையும் தாண்டி, நடையைத் தளர்த்தாமல் போனாள். அந்தப் பக்கத்துக் கற்களுக்கு அப்பால் அவன் ஜீப்பின் படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே நான்கு ஜெர்மானியர்கள் குளிரில் ஒடுங்கியிருந்தார்கள்.

"உன் ஆளுங்க உப்புவெளிப் பக்கம் உயுனிக்குப் போகணும். என் ஆளுங்க எல்லைக்குப் போகணும். மாத்திக்கலாம். உன் ஆளுங்கள என் டிரைவர் வில்பர் பாத்துப்பான். நீ எங்களக் கொண்டுபோய் விடு," என்றாள் எலோதியா.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "காலைலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கேன். எனக்கு இது தோணலையே."

"தோணாது. நீ யாருகிட்டயும் போய் ஒண்ணு கேக்க மாட்ட."

அவன் எழுந்து பின்கதவைத் திறந்து ஜெர்மானியர்களின் பைகளை இறக்கத் தொடங்கினான்.

இரண்டு கூட்டமும் தெருவில் எதிரெதிரே கடந்தன. அர்ஜென்டினாவின் ரொசாரியோவிலிருந்து தங்கையுடன் வந்திருந்த கிரசியேலாவின் சக்கரப்பெட்டி கல்லில் மாட்டிக்கொள்ள, மறியல்காரி ஒருத்தி அதைத் துணியில் முடிந்து முதுகில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். பிரேசில்காரர் இரண்டு கிண்ணம் சூப்பு குடித்தார். எலோதியாவின் கிண்ணத்தைக் கடைசியாக நிரப்பிவிட்டு சத்துர்நீனா சொன்னாள்:

"போற எடமெல்லாம் சொல்லு, புல்லுல வண்டிய எறக்காதீங்கன்னு. சொல்றதுதானே உன் வேலை."

நிக்கனோர் ஓட்டினான். எலோதியா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேட்டைத் தாண்டியதும் சிவந்த ஏரி விரிந்தது, பின்னாலிருந்து கேள்விகள் கிளம்பின. அவள் திரும்பி உட்கார்ந்து ஆரம்பித்தாள். தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பாசியின் நிறம் பூநாரைக்குள் ஏறுவதை, குளிர்கால விடியலில் ஏரி உறைந்து பறவைகளின் கால்கள் பனிக்கட்டியில் மாட்டிக்கொள்வதை, அப்போது அவை சிறகடித்துப் பதறாமல் வெயில் வரும்வரை நிற்பதை, புல்லுக்கடியில் ஊற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடுவதை. அவன் இந்தக் கரையில் பிறந்தவன், எல்லாம் தெரிந்தவன். ஆனால் யாரும் இப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை.

காற்று கண்ணாடிகளை அறைந்தது. கடைசி இருக்கையிலிருந்த உருகுவே பல்மருத்துவர், காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டார்.

நிக்கனோர் புல்வெளிக்கு வெகு முன்பே பாதையோரம் ஒதுங்கி இஞ்சினை அணைத்தான்.

ஏரியில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் காற்றை எதிர்த்து ஒரே திசையில் நின்றன. எலோதியா தண்ணீரிலிருந்து தொடங்கி மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். அவன் ஸ்டியரிங்கில் இருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.