அக்கரைக்குப் போன குவான்

பெண்கள் தொப்பி போடாமல் வெளியே வரக்கூடாது என்ற ஆணை வந்த வாரம், கம்பாயின் குவான் அவள் உச்சந்தலையிலிருந்து இறங்கிப்போய் முற்றத்துப் புளியமரத்தில் உட்கார்ந்துகொண்டது. அவள் சாயல்தான், முழங்கை உயரம், தலையில் ஒன்றுமில்லை. மீகாங் ஆற்றின் தாய்லாந்துக் கரையிலிருந்த அந்த ஊரில் இதற்கு யாரும் கூட்டம் போடவில்லை. குவான் என்பது ஆளோடு இருக்கும் உயிர்; அதிர்ச்சியில் உடம்பை விட்டு விலகும் அதைப் பாடி அழைத்து, மணிக்கட்டில் வெள்ளை நூலால் கட்டிவைப்பது அங்கே வழக்கம்.

“என்னடி, உன் குவான் எங்க கூரைய எட்டிப் பாக்குது? என் புருஷன் குளிக்கிற நேரம்டி” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சிக்கல் என்னவென்றால், அழைக்கும் பாட்டு ஊர் பேசும் லாவோ மொழியில் இருந்தது. இனி எல்லோரும் பாங்காக் மொழியே பேச வேண்டும் என்ற ஆணையைச் சந்தையில் படித்தவன் கம்பாயின் கணவன் பிரசித், மாவட்ட அலுவலக எழுத்தர். அவனும் அந்த ஊரில் பிறந்தவன்தான். பாட்டைப் பாங்காக் மொழியில் மாற்றி எழுதிவைத்திருந்தான்.

“மாப்பிள்ளை, அதுக்கு இது புரியாது” என்றாள் கம்பாயின் அம்மா.

“புரியணும் அத்தை. நாம ஒரே நாடு, நாகரிகமானவங்கன்னு காட்டலைன்னா, அக்கரைய முழுங்குன பிரெஞ்சுக்காரன் நம்மளையும் முழுங்கிடுவான்.”

“அவனுக்குச் சிரமம் வேண்டாம்னு நீங்களே மென்னு வச்சிட்டீங்களே!”

கம்பாய் கையை நீட்டியபடி மரத்தடியில் நின்றாள். கல்யாணத்துக்கு முன் ஆற்று மணல்திட்டில் அவன் அவளை லாவோவில்தான் அழைத்தான். அந்தக் குரலில் ஒரு சொல் போதும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும் என்பதுதான் அவளை அறுத்தது. வாய் திறந்தவன் வாசலைப் பார்த்தான். அங்கே அலுவலகத்து ஆட்கள் இருவர் நின்றார்கள். எழுதிவைத்ததையே பிழையில்லாமல் பாடி முடித்தான். வேறு வீட்டுப் பிள்ளையை யாரோ அழைப்பதுபோல் அவனைப் பார்த்துவிட்டு, குவான் எழுந்து ஆற்றைத் தாண்டிப் போயிற்று.

மறுவருடம் சிறந்த தொப்பிக்கான பரிசு கம்பாய்க்குக் கிடைத்தது. பிரசித்துக்குப் பதவி உயர்ந்தது. அதற்கும் வந்திருந்த ஆணைப்படி தினமும் வேலைக்குப் போகுமுன் மனைவியை முத்தமிட்டான். கன்னம் பலகைபோல் இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் பிறந்தன. வெற்றிலை போடுவது நாகரிகமல்ல என்று வெற்றிலைக்கொடிகளை வெட்டச்சொன்ன வருடம் இன்னும் பல பெண்களின் குவான்கள் அக்கரைக்குப் போயின. காலையில் இந்தப் பெண்கள் தேசியக் கொடிக்கு முன் வரிசையாக நிற்கும்போது, பிரெஞ்சுக்காரன் கொடியின் கீழே அவை தலைவாரிக்கொண்டு, வெற்றிலை துப்பிக்கொண்டு இருப்பது தெரியும். சிரிப்புச் சத்தம் தண்ணீரில் வரும்.

“இன்னிக்கு நம்மளுதுங்க சந்தோஷமா இருக்குதுங்க போல” என்று யாராவது சொல்வார்கள். கம்பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சந்தைக்கு நடப்பாள்.