பிரகாசம் வந்து போகும் நேரம்

மாலை ஜெபமாலை முடிந்ததும் அந்தோணிமேரி பீரோவைத் திறந்து, செத்துப்போன கணவனின் செத்துப்போன போனை எடுத்து, ஜாக்கெட்டுக்குள் இடப்பக்கமாகச் செருகிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் பிரகாசம் வந்துவிடுவார்.

கதவைத் தட்டிக்கொண்டு வருகிறவர் இல்லை அவர். நெஞ்சுக்குள் வருவார். சோம்பலாக அடித்துக்கொண்டிருந்த இதயம் திடீரென்று வேகம் பிடித்து, அவர் வண்டி ஓட்டுகிற மாதிரி ஒரே சீராக ஓடும். கழுத்தெல்லாம் வியர்த்துவிடும். பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் போனை வெளியே எடுக்கமாட்டாள்.

திரை நொறுங்கி, சார்ஜே ஏறாத போன் அது. தோல் உறையின் மூடி மட்டும் இன்னும் டப்பென்று போய் ஒட்டிக்கொள்ளும். இதயத்தை ஓட்டுகிற பேஸ்மேக்கரை அவளுக்கு வைத்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள், போனை நெஞ்சுப் பக்கம் வைக்கக் கூடாது என்று. தன் போனை அவள் அப்படியே அடுப்படி மேடைக்கு அனுப்பிவிட்டாள். இது மணியடிக்காத போன்தானே, இது யாரை என்ன செய்துவிடும் என்று ஒரு நியாயம் வைத்திருந்தாள். நமக்கு வேண்டிய இடத்தில் நியாயத்துக்கா பஞ்சம்.

அவர் எதற்கு வருகிறார் என்பதுதான் அவளை வதைத்தது. மன்னிக்க வருகிறாரா, கேள்வி கேட்க வருகிறாரா? ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு கடற்கரைச் சாலையில் வந்தவரிடம் அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தது அவள்தான். சங்கரா மீன் வாங்கச் சொன்னாள்.

"காலாப்பட்டு தாண்டிட்டேன் மேரி. இனிமே எங்க திரும்பறது?"

"திரும்பனா தேஞ்சா பூடுவீங்க?"

அவர் திரும்பினார். அதற்கப்புறம் போனில் ஒரு லாரியின் ஹாரன் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இதை அவள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அவரை நெஞ்சில் வைத்துக் கூட்டிப்போனாள். நடுப்பூசையில் தலை சுற்றிச் சாய்ந்தவளைத் தாங்கிப் பிடித்தபோது மருமகள் சிந்தியாவின் கையில் அந்தப் போன் அகப்பட்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்விட்டாள்.

பேஸ்மேக்கரைச் சோதிக்கிற மெரின் என்ற பெண் உறையின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தாள். "இதுல காந்தம் இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு, சோதனைக்கென்று வைத்திருந்த வட்டக் காந்தம் ஒன்றை அந்தோணிமேரியின் நெஞ்சின்மேல் வைத்தாள்.

பிரகாசம் வந்துவிட்டார். அதே வேகம், அதே சீர். மெரின் காந்தத்தை எடுத்தாள். அவர் போய்விட்டார்.

"காந்தம் கிட்ட வந்தா மிஷின் உங்க இதயத்த கவனிக்காது. அது பாட்டுக்கு ஒரே வேகத்துல அடிக்கும். அதுலதான் தலை சுத்தியிருக்கும். எந்தப் போனா இருந்தாலும் ஒரு சாண் தள்ளியே வைங்க."

முன்பின் தெரியாத பெண் காந்தத்தைக் காட்டினால் வந்து, எடுத்தால் போய்விடுகிறவர் பிரகாசம் இல்லை. அந்தோணிமேரி அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இரண்டாவது முறையாகத் தாலி அறுத்த மாதிரி இருந்தது.

அன்று மாலை நெஞ்சு காலியாகக் கிடந்தது. மன்னிக்கவும் ஆளில்லை, திட்டவும் ஆளில்லை. அடுப்படியில் சிந்தியா மாவு பிசைந்தபடி, மேடையிலிருந்த தன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் புருஷன் லூர்துபிரகாஷைக் கூப்பிட்டாள்.

"எங்க வர?"

"காலாப்பட்டு தாண்டிட்டேன். என்னா, சொல்லு."

காற்றின் இரைச்சல். ஹெல்மெட்டின் பஞ்சில் உரசி உரசி, அமுங்கி வந்தது குரல். மகன் குரல் அப்பன் குரலாகவே இருந்தது. போன் எங்கே செருகியிருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதயம் எகிறியது. பக்கத்தில் எந்தக் காந்தமும் இல்லை.

"தயிர் வாங்கினியா? இல்லன்னா திரும்பி…" என்று சிந்தியா ஆரம்பித்தாள். அந்தோணிமேரி பாய்ந்து போய், "வண்டிய நிறுத்திட்டுப் பேசுடா," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

"என்னாச்சு அத்த?"

"உங்க மாமா அன்னிக்கு எங்கிட்ட பேசிக்கினுதான் வந்தாரு. நாந்தான் திரும்பச் சொன்னேன்."

சிந்தியாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது. இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது பேசாமல் கிடந்தது. அதட்டியதில் அவன் தடுமாறியிருந்தால்? துண்டித்ததைப் பார்க்கப் போய் ரோட்டை விட்டிருந்தால்? சுவரில் மாலை போட்ட படத்தில் பிரகாசம் எப்போதும்போல் இருந்தார்.

மணி அடித்தது. அந்தோணிமேரி எடுத்து வலது காதில் வைத்தாள். காற்று இரைச்சல் இல்லை. எங்கோ டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"ஓரமா நிறுத்திட்டேம்மா," என்றது அந்தக் குரல். "இப்ப சொல்லு."