மூன்றாம் சரணத்துக்கு முன் ஒரு மூச்சு

கடவுள் முதலில் உண்டாக்கியது வெளிச்சத்தை அல்ல, பேஸ் என்கிற கனத்த அடிக்குரலைத்தான் என்பது என் அத்தானின் உறுதியான கருத்து. வெளிச்சம் உண்டாகட்டும் என்று சொல்லவே ஒரு குரல் தேவைப்பட்டது. அது கீச்சுக் குரலாக இருந்திருந்தால் வெளிச்சம் பாதி வழியிலேயே திரும்பிப் போயிருக்கும் என்பது அவர் வாதம். ஞாயிறு பள்ளிக்கு ஒழுங்காகப் போன யாரும் இதற்கு இன்றுவரை மறுப்புச் சொல்லவில்லை. அந்த ஆதிக் குரல் கைமாறிக் கைமாறித் தன்னிடம் வந்து சேர்ந்திருப்பதாகவும், லிஃப்ட் மெக்கானிக் உத்தியோகம் அதற்கு ஒரு மேலுறை மட்டுமே என்றும் அவர் அடக்கத்தோடு நம்பினார்.

ஆதாரமும் இருந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கம்பிகளுக்கு கிரீஸ் தடவிக்கொண்டே அவர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துவார். அது சுவரோடு சுவராக ஏறி, ஒவ்வொரு மாடிக் கதவிடுக்கிலும் கசிந்து, கடைசி மாடியில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தூங்க வைத்துவிடும். பிள்ளையைப் பெற்றவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அவரைக் கட்டிக்கொண்ட என் அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். 'மூன்றாவது நடைமேடை' என்று அவள் மெதுவாகச் சொன்னால் ஆயிரம் பேர் பெட்டி படுக்கையோடு மூன்றாவது நடைமேடைக்கு நடப்பார்கள். வீட்டில் அதே குரல் ஈரத் துண்டைக் கட்டிலில் போட வேண்டாம் என்று சொன்னால் ஒரு ஆள்கூட அசையமாட்டார். இருப்பதே ஒரு ஆள்தான்.

சபையில் ஆராதனைக் குழுவை நடத்துவதும் அக்காதான். பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவுக்கு லாண்டரி வைத்திருக்கும் சகோதரிகள் இருவர், உச்சக் குரலான சோப்ரானோவுக்கு ஒரு கணக்கு டீச்சர், கீபோர்டுக்கு ஒரு பல் டாக்டர், ஆண்களின் மேல்குரலான டெனருக்கு வேறு ஆள் கிடைக்காததால் நான், பேஸுக்கு மேற்படி ஆதிக் குரல். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒத்திகை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது ரயில் நிலையத்தில் அக்காவை மாலை ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

பாஸ்டர் நல்ல மனிதர். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும், குளிருகிறதா என்று விசாரித்து மஃப்ளர் சுற்றிவிட்டுத்தான் அறுப்பார். அக்காவைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். பதிவு செய்த பாட்டைத் திரையில் ஓடவிட்டால் சபையார் கூடவே பாடிக்கொள்வார்கள், குழுவுக்கும் வெள்ளிக்கிழமை மிச்சம் என்றார். அக்கா ஒரே ஒரு பாட்டுக்கு அவகாசம் கேட்டாள். அவளே மெட்டுப் போட்ட புதுப் பாட்டு. ஒரு ஞாயிறு பாடிக் காட்டுவது. நன்றாக வந்தால் குழு, வராவிட்டால் திரை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாள் பூரா என் குரல் யாரையாவது எங்கேயாவது அனுப்பிட்டே இருக்குடா. வாரத்துல ஒரு நாளாவது அது யார்கூடயாவது சேர்ந்து நிக்கட்டும்னு பார்க்கிறேன்."

அதற்கு அவள் கண்டுபிடித்த வழிக்கு 'வீட்டு ஒத்திகை' என்று பெயர். காலையில் அத்தான் வேலைக்குக் கிளம்பியதும், தெருச் சத்தம் விழாமல் இருக்கத் துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வாள். அந்த இருட்டில், தொங்கும் சட்டைகளுக்கும் மடித்த போர்வைகளுக்கும் நடுவில், ஒவ்வொருவர் பங்கையும் தானே பாடிப் போனில் பதிவு செய்வாள். முதலில் சோப்ரானோ. அதைக் காதில் கேட்டபடியே ஆல்ட்டோ. இரண்டையும் கேட்டபடி டெனர். கடைசியாக அவள் குரலுக்கு எட்டாத பேஸ். அதை மட்டும் ஒரு ஸ்தாயி மேலே தூக்கி. முந்தின ராத்திரி வேலையின் தூக்கம் மிச்சமிருக்கும். அலமாரிக்குள் அவள் பாடுகிறாளா, பாடுவதாகக் கனவு காண்கிறாளா என்று வெளியே காவலுக்கு நிற்கும் எனக்கே தெரியாது.

பதிவுகளை அவரவர் போனுக்கு அனுப்பி, அவர்களைக் கேட்கவும் வைப்பது என் பொறுப்பு. அனுப்புவது சுலபம்.

லாண்டரி சகோதரிகள் தங்களுக்குக் கை ஒழியாது என்றார்கள். காது சும்மாதானே இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் நான் போனபோது நீராவிக்குள் மங்கலாக நின்று ஒரே தாளத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டரிடம், வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆளால் பாட்டை நிறுத்தச் சொல்ல முடியாது என்பதை மட்டும் நினைவுபடுத்தினேன். கணக்கு டீச்சர் இதனால் பலன் உண்டு என்பதற்கு நிரூபணம் கேட்டார். விடைத்தாள் திருத்தும்போது கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்த முறை அவர் வகுப்பில் ஒருவரும் தோற்கவில்லை. மாணவர்களே வந்து எனக்கு நன்றி சொன்னார்கள்.

அதன் பிறகு எங்கள் தெருவுக்கு என்னமோ ஆகிவிட்டது. வெயில் சாயும் நேரத்தில் நடந்து போனால் லாண்டரியின் நீராவியோடு ஆல்ட்டோ மிதந்து வரும். நாலு கடை தள்ளி, கிளினிக் ஜன்னலில் கீபோர்டு வாசிக்கிற இடங்களை டாக்டர் முனகிக்கொண்டிருப்பார். மூலைவீட்டு மாடியில் சோப்ரானோ சிவப்பு மையில் பாடும். எல்லாமே அக்காவின் குரல் விட்டுப்போன தடங்கள். ரொம்ப வேகமாகவும் இல்லாமல் ரொம்ப மெதுவாகவும் இல்லாமல் ஒரு நடை இருந்தது. அந்த நடையில் போனால் தெருமுனைக்கு வரும்போது முழுப் பாட்டையும் கேட்டிருப்போம். நான் சும்மாவே இரண்டு மூன்று தடவை போய் வந்தேன். ஒரு நாயும் கூட வந்தது.

லாண்டரித் தங்கைக்கு ஒரு சந்தேகம். மூன்றாம் சரணத்துக்கு முன்னால் பெரிதாக ஒரு மூச்சு வருகிறதே, அதையும் இழுக்க வேண்டுமா?

"முழுசா இழுங்க," என்றேன். "வாயை நல்லா திறந்து. பாட்டோட உயிரே அங்கதான் இருக்கு."

என் டெனர் பதிவிலும் அதே இடத்தில் அந்த மூச்சு இருந்தது. எல்லோர் பதிவிலும் இருந்தது. நாலு பங்கிலும் ஒரே இடத்தில் வரும் ஒன்று தற்செயலாக இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

கேட்காத ஒரே ஆள் அத்தான். அவருடைய பேஸ் பதிவு நான் அனுப்பியபடியே திறக்காமல் கிடந்தது. அவரிடம் தாள் இருந்தது; தாளில் சுரம் இருந்தது; அதற்கு மேல் மனிதனுக்கு என்ன வேண்டும் என்றார். நான் விடாமல் கெஞ்சியதில், அவருக்கு லீவான ஒரு நாள் வாய்விட்டே சொன்னார்.

"கிணத்துக்கட்டுலயே குடியிருக்கிறவன் குழாயடியில வரிசையில நிப்பானா மாப்ளே? அவ குரலை நான் தினம் கேட்கிறேன். அதுவும் பேஸை மேல தூக்கிப் பாடி வச்சிருக்கா. கொசு யானைக்கு நடை பழக்கின மாதிரி."

அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். தினம் கேட்கிறேன் என்று அவர் சொன்னதும் முழு உண்மை அல்ல. இவர் வீடு திரும்பும்போது அவள் நிலையத்தில் இருப்பாள், அவள் திரும்பும்போது இவர் உறக்கத்தில் இருப்பார். ஒருமுறையாவது கேட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள். சனிக்கிழமையன்று, கேட்டீர்களா என்று விசாரித்தாள். "கேட்டேன், கேட்டேன்," என்றார் அத்தான், இரண்டு முறை சொன்னால் ஒருமுறையாவது உண்மையாகும் என்பதுபோல.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை அக்கா இல்லாமலே நாங்கள் கூடிப் பாடிப் பார்த்திருந்தோம். யாரோ ஒருவர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டதால் அத்தானும் அன்று வரவில்லை. மூன்றாம் சரணத்துக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து இழுத்த மூச்சு அபாரமாக இருந்தது. பல் டாக்டர் என் கடைவாய்ப் பற்களைக்கூடப் பாராட்டினார்.

ஞாயிறு காலை வெயில் உயரமான ஜன்னல் வழியாகச் சாய்ந்து இறங்கி, பாதிச் சபையை வெதுவெதுப்பில் நனைத்துக்கொண்டிருந்தது. அக்கா எங்களுக்கு எதிரே நின்று கையை உயர்த்தினாள். முதல் சரணம் தண்ணீர்மேல் இலை போவதுபோல் போனது. இரண்டாவதில் லாண்டரி சகோதரிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூன்றாவதற்கு அக்காவின் கை இறங்கியது. யாரும் பாடவில்லை. நாங்கள் எல்லோரும் வாயை அகலத் திறந்து நிதானமாக, முழுசாக, மூச்சை இழுத்தோம்.

அக்காவின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு அவளுக்குப் புரிந்தது. அவள் முகத்தைப் பார்த்த எனக்கும் புரிந்தது. அது மூச்சு அல்ல. அலமாரி இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு சோப்ரானோ பாடும்போது, தன்னை அறியாமல் ஒரு கொட்டாவி விட்டிருக்கிறாள். அதைக் காதில் கேட்டபடி ஆல்ட்டோ பாடியபோது அதே இடத்தில் மறுபடி வந்திருக்கிறது. பிறகு டெனரில், பிறகு பேஸில். கொட்டாவியின் குணம் அது.

சபைக்கும் வந்தது. முதல் வரிசையில் ஒரு தாத்தா வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் ஒரு தாயும் மடிப்பிள்ளையும். பிறகு வெயிலில் இருந்தவர்கள், பிறகு நிழலில் இருந்தவர்கள், காற்று வயலில் போவதுபோல் அது வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனது. பாஸ்டர் வேதப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அந்தப் பெரிய அறை முழுவதும் ஒரே உயிராக மூச்சை இழுத்து நிறுத்தியிருந்தது.

அந்த நிசப்தத்தில், தாளில் பேஸுக்கு விட்டிருந்த இடைவெளியை எண்ணி முடித்து, கால் மாத்திரை பிசகாமல், அத்தான் மட்டும் எடுத்தார்:

"உறங்காத கண்களே..."

தனியாக. ஆதிக் குரலில். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மடிப்பிள்ளை திடுக்கிட்டது. நாங்கள் எங்கள் கொட்டாவியை முடித்துக்கொண்டு ஒவ்வொருவராக அவர் குரலின் மேல் மெல்ல ஏறிக்கொண்டோம். கடைசிவரை அக்காவின் கை நிதானமாகத்தான் இருந்தது.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது கொட்டாவியால் வந்த கண்ணீரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. இளைப்பாறுதல் என்றால் என்ன என்று இன்றுதான் தெரிந்ததாகவும், இனித் திரை வேண்டாம் என்றும், அந்த நீண்ட மௌனத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிட வேண்டாம் என்றும் அக்காவிடம் சொன்னார். குழு பிழைத்தது. லாண்டரி சகோதரிகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து அக்கா வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் பார்த்தபடியேதான் பேசினாள்.

"எல்லாரும் கொட்டாவி விட்டாங்க. நீங்க மட்டும் விடலை."

"நான் தாள்ல இருக்கிறபடி சரியாத்தானே பாடினேன்," என்றார் அத்தான்.

"ஆமா. சரியாத்தான் பாடினீங்க."

சீப்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டிருந்தால் அத்தான் சமாளித்திருப்பார். கோபத்துக்கு அவரிடம் பழமொழிகள் உண்டு. அன்று மாலை அவர் கட்டிலில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் கொஞ்ச நேரம் நடந்தார்.

மறுநாள் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கொடுப்பதற்காக அவர் வேலை பார்க்கும் கட்டடத்துக்குப் போனேன். கீழ்த்தளத்தில் லிஃப்ட் பாதி திறந்து நின்றது. முன்னால் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை. உள்ளே ஒரு திருகாணிகூடக் கழற்றப்படவில்லை. மூடிய கருவிப் பெட்டியின் மேல் அத்தான் உட்கார்ந்திருந்தார். காதில் இயர்போன். கண் மூடியிருந்தது. கிரீஸ் படிந்த விரல் முழங்காலில் தாளம் தொட்டது.

அவர் பாடிக்கொண்டிருந்தார், ஆனால் எனக்குப் பழக்கமில்லாத குரலில். மேலே இன்னொருவர் குரல் போகிறது, அதை மூடிவிடக் கூடாது என்பதுபோல் அவ்வளவு தணிவாக. ஓரிடத்தில் பிசகியது. போனைத் தடவிப் பின்னுக்குப் போனார். மறுபடி கேட்டார். மறுபடி பிசகியது. மறுபடி போனார்.

இரண்டு கையிலும் பைகளோடு ஒரு அம்மா வந்து, லிஃப்ட் எப்போது சரியாகும் என்று என்னிடம் கேட்டார்.

"பெரிய வேலைங்க," என்றேன் மெதுவாக. "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்."

ஒரு பையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, சத்தம் போடாமல் கூடவே படியேறினேன்.