கஸ் ஷிம்கோவின் இடது ஓரம்

ஆட்டக்காரர் படம் அச்சிட்ட பழைய அட்டைகளைச் சேர்க்கும் எங்கள் டொலிடோ பேஸ்பால் அட்டைச் சங்கத்தின் தலைவர் வெண்டல் ப்ராட் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அட்டையைக் கையில் எடுத்தால் அதையும் வாயைத் திறக்கச் சொல்வாரோ என்று எனக்குத் தோன்றும். ஆண்டுக் கண்காட்சியில் நடுக் கண்ணாடிப் பெட்டி அவருடைய ராஜ்யம். படத்தைச் சுற்றிய வெள்ளை ஓரங்கள் சமமாக உள்ள அட்டைக்கு மட்டுமே அதற்குள் இடம்.

இந்த வருஷம் தீயணைப்பு நிலைய மாடியில், டோனட் தீர்வதற்குள் ஐரீன் ஷிம்கோ வந்து நின்றாள். பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கையில் அண்ணன் கஸ்ஸின் 1957 அட்டை. கஸ் பதினொரு ஆட்டங்களில் பந்து வீசினான். அப்புறம் தோள் போயிற்று. போன பிப்ரவரியில் ஆளும் போய்விட்டான். அவன் படம் அச்சானது அந்த ஒரு வருஷம்தான். அதை நடுப்பெட்டியில் வைக்க வேண்டும் என்றாள்.

வெண்டல் லென்ஸை எடுத்தார். "வெட்டு தள்ளிப் போயிருக்கு. இடது ஓரம் தடி, வலது ஓரம் நூலு. மூக்குல வேற ஒரு கறை. ஆறு டாலர் பெறும், ஐரீன். அந்தக் கடைசி மேஜையில வச்சுக்குங்க."

"உங்க பெட்டியில இருக்கிறதும் எங்க அண்ணன்தானே?"

"அது தொள்ளாயிரம் டாலர்மா. ரெண்டு ஓரமும் எவ்வளவு சமம், பாருங்க."

"அது மூக்குலயும் அதே புள்ளி இருக்கே?"

"அது அச்சு அடையாளம்."

ஆறு டாலரில் கறை, தொள்ளாயிரத்தில் அடையாளம்.

ஐரீன் பையிலிருந்து ஒரு கற்றையை எடுத்து மேஜையில் பரப்பினாள். "அப்போ பபிள்கம் பொட்டலத்துக்குள்ள அட்டை வரும். எங்கம்மா வாங்கி வாங்கிச் சேத்தது. பதினேழும் ஒரே மாதிரி தள்ளித்தான் இருக்கு. பெரிய தாள்ல மொத்தமா அச்சடிச்சு வெட்டுவாங்க, அதுல அவன் படம் கடைசி வரிசை. அங்க கத்தி நேரா விழுந்ததே இல்ல. உங்களுக்கு மட்டும் எப்படி விழுந்துச்சு டாக்டர்? வெளிய எடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாப்போம்."

"பிளாஸ்டிக் உறையைத் திறந்தா மதிப்பு போயிடும்!"

"திறக்கலைன்னா மானம் போயிடும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். என்னுடையதுதான்.

வெண்டல் உறையின் நான்கு திருகாணிகளைக் கழற்றினார். அவர் அட்டையை அவள் அட்டைமேல் வைத்தார். இடப்பக்கம் அடியிலிருந்து அவளுடையது ஒரு தீக்குச்சி அகலத்துக்கு எட்டிப் பார்த்தது.

யாரோ தடித்த ஓரத்தை நறுக்கிச் சமமாக்கி விற்றிருக்கிறார்கள். தள்ளி வெட்டிய அட்டைக்காவது ஆறு டாலர் உண்டு. நறுக்கிய அட்டையை எங்கள் கூட்டத்தில் எவனும் தொடமாட்டான். வாழ்நாளெல்லாம் ஓரங்களை அளந்த மனிதர், ஒருமுறையாவது அட்டையின் முழு அகலத்தை அளந்திருக்கலாம்.

"பல்லை ராவினா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல டாக்டர்?" என்றாள் ஐரீன்.

வெண்டல் சிவந்துபோனார். "அப்போ ரெண்டும் வேண்டாம். விதி விதிதான்."

ஐரீன் காலியான இடத்தில் தன் அட்டையை வைத்தாள். "விதிய மாத்துங்க, இல்லேன்னா என்னைத் தூக்கி வெளிய போடுங்க. நாப்பது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் பனியில பஸ் ஓட்டினவ நான்."

தூக்க யாரும் வரவில்லை. வெண்டலின் கை, பழக்கதோஷம், பெட்டிக்குள் போய் அந்தத் தடித்த ஓரத்தைச் சட்டத்துக்கு அடியில் தள்ளி மறைக்கப் பார்த்தது.

"கைய எடுங்க. முழுசாத் தெரியட்டும்."

எடுத்தார்.

"பூட்டுங்க."

பூட்டினார்.