கரடு துலுக்கிய வருஷம்

1938 பங்குனியில், கடத்தூர் ரோட்டில் காண்ட்ராக்டர் மாரப்பன் கொட்டிய ஜல்லியெல்லாம் பொழுது சாய்ந்ததும் எழுந்து, தான் பிறந்த பாறைக்குன்றான குண்டுக்கரட்டுக்கே திரும்பி நடந்தது. சந்தைக்குப் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அந்தக் கரட்டில் கல்லெடுக்க ஒரு முறை உண்டு. கோயில் கிடாய்க்குச் செய்கிற மாதிரி பாறைமேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கேட்க வேண்டும். கரடு உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் உத்தரவு. இல்லாவிட்டால் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். கேட்காமல் எடுத்த கல் ரோட்டில் தங்காது. அதுவரை ரோட்டுக் காண்ட்ராக்ட் எடுத்துவந்த உள்ளூர் ரங்கம்மாளும் அவளுடைய ஆட்களும் வருஷா வருஷம் கேட்டுத்தான் ஜல்லி உடைத்தார்கள். அந்த வருஷம் ஜில்லா போர்டு ஆபீஸ் சேலத்து மாரப்பனுக்குக் காண்ட்ராக்டைக் கொடுத்துவிட்டது. ரேட்டு குறைவாம். குறையாமல் என்ன செய்யும்? அந்த ஆளிடம் சொந்தமாக வண்டியும் இல்லை, மாடும் இல்லை, கரட்டிடம் கேட்கிற வாயும் இல்லை. வேலை போனால் ரங்கம்மாளின் ஆட்களுக்குக் கோலார் சுரங்கம்தான் கதி. மூட்டைகூடக் கட்டிவிட்டார்கள்.

ரங்கம்மாள் கேம்ப் பங்களாவில் இன்ஜினியர் முன்னால் போய் நின்றாள்.

“அவரால ஆவாதுங்க. காண்ட்ராக்ட ரத்து பண்ணுங்க.”

“கல்லு நடக்குதுன்னு மேல எழுதினா சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டுமுங்க. ரோட்டுல கல்லு கெடக்குதான்னு நீங்க வந்து பாருங்க.”

விரட்டினார்கள். அவள் சந்தை நாள் தவறாமல் வந்து நின்றாள். மாரப்பன் ஆள் விட்டுப் பார்த்தான்: உத்தரவை மட்டும் அவள் வாங்கித் தரட்டும், கூலி தருகிறானாம். “என் வாய வாடகைக்கு வுடறதில்லன்னு போய்ச் சொல்லு” என்று திருப்பியனுப்பினாள். அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்!

வைகாசியில் கலெக்டர் அந்த ரோட்டில் வரப்போவதாகத் தகவல் வந்ததும் இன்ஜினியருக்கு வியர்த்தது. நாற்காலியோடு கரட்டடிக்கு வந்து உட்கார்ந்தார். மாரப்பன் குடம் குடமாக ஊற்றினான். ஓர் ஓணான் நனைந்து ஓடியதோடு சரி. பிறகு ரங்கம்மாள் ஒரு கை தெளித்தாள்.

“சாமி, உன்ன நம்பித்தான் எங்க அடுப்பு எரியுது. சொல்லு.”

கரடு துலுக்கியது. நாற்காலி கவிழ்ந்து இன்ஜினியர் மண்ணில் விழுந்தார். எழுந்திருக்காமலே மாரப்பனின் காண்ட்ராக்டை ரத்து செய்தார். சாயந்திரமே மூட்டைகளை அவிழ்த்து, அவள் ஆட்கள் உலை வைத்தார்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து டெண்டர் நோட்டீஸில் வண்டி எத்தனை, ஆள் எத்தனை என்பதற்குக் கீழே ‘கரடு துலுக்குமா?’ என்றும் கேட்டார்கள். யாரும் அதை வினோதமாக நினைக்கவில்லை. நாற்பத்தாறில் ரங்கம்மாளின் பாடை அந்த ரோட்டில் போனபோது, யாரும் தண்ணீர் தெளிக்காமலே கரடு ஒருமுறை துலுக்கியது. உத்தரவாகிவிட்டது என்று அவள் மகள் செல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரியம் முடிந்த மறுநாள் சம்மட்டியோடு வேலைக்குக் கிளம்பினாள்.